அந்த நாற்காலியைப் போட்டிருந்தால்

(ஐ.நா. நாளை ஒட்டி அம்பாசமுத்திரத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'உலகில் அமைதி நிலைப்பது படையின் வலிமையாலா, தூதரின் பொறுமையாலா?' தூதரின் பொறுமையே என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அண்ணாச்சிமார்களே, பிசானத்துக்கு நாற்றங்கால் வேலை கிடக்க, அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி நன்றாகவே பேசினார். எகிப்தின் சூயஸ் கால்வாய்ச் சண்டையை நிறுத்தியது அமெரிக்கா கொடுத்த பண நெருக்கடிதானே என்றார். காங்கோவில் பிரிந்துபோன கட்டாங்கா மாகாணத்தை அடக்கியது ஐ.நா. படையின் துப்பாக்கிதானே, உங்கள் தூதர், ஐ.நா. பொதுச் செயலாளர் ஹமர்ஷோல்ட், பாதியிலேயே செத்துப் போனாரே என்றார். கடைசியாக, இந்தச் சீமையில் எந்தப் பெயரைச் சொன்னால் மேடை அதிருமோ அந்தப் பெயரைச் சொன்னார். "பேசப் போன கட்டபொம்மனை வெள்ளைக்காரன் மதிச்சானா? வாளைத் தூக்கினதாலதானே இன்னிக்கும் அவன் பேரு நிக்குது!" எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தப் பெயருக்குத் தட்டாத கை நம் பக்கத்தில் கிடையாது.

அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1798. கப்பப் பாக்கி என்று சொல்லிக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை நேரில் வரச் சொல்கிறார். குற்றாலத்துக்குப் போகிறார் கட்டபொம்மன்; பார்க்க முடியாது என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறார், அங்கேயும் முடியாது. கலெக்டர் முகாம் போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே போக வைத்து, கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரத்தில் சந்திப்பு. போனவருக்கு உட்கார ஒரு நாற்காலி கிடையாது. நிற்க வைத்தே விசாரணை. வெளியே வரும்போது கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் அந்த இடத்திலேயே விழுந்தார், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். மறு வருஷம் கம்பெனியின் மேஜர் பானர்மேன் படையோடு வந்தார். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஆச்சிமார் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

அண்ணாச்சி, பேச்சுவார்த்தை தோற்றதற்கு இதை உதாரணமாகச் சொன்னீர்கள். இங்கே பேச்சுவார்த்தை எங்கே நடந்தது? பேச வந்தவரைத் தெருத்தெருவாக அலைய விட்டு, நிற்க வைத்து அவமானப்படுத்தினார்கள். அதற்குப் பெயர் பேச்சுவார்த்தை இல்லை. ஜாக்சன் செய்தது தப்பு என்று கம்பெனியே அவரைப் பிறகு பதவியிலிருந்து நீக்கியது. அன்றைக்கு அந்த அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒரு மனிதர் எதிரே இருந்திருந்தால், பாஞ்சாலங்குறிச்சியில் எத்தனை தாலி தப்பியிருக்கும் என்று நான் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்படி உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவரைப் பற்றித்தான் எங்கள் அணித் தலைவர் தொடங்கி வைத்தார். டாக் ஹமர்ஷோல்ட். 1905-இல் சுவீடனில் பிறந்தவர். தகப்பனார் அந்த நாட்டின் பிரதமராக இருந்தவர். பொருளாதாரம் படித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதிகம் பேசாதவர். 1953-இல் ஐ.நா. பொதுச் செயலாளராகத் தேர்வானபோது வெளியுலகில் அவரை அறிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த நார்வேக்காரர் டிரிக்வே லீ, உலகத்திலேயே செய்ய முடியாத வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லித்தான் அவரை வரவேற்றார். எட்டு வருஷம் அந்த வேலையைச் செய்தார். அந்த வேலையிலேயே உயிரை விட்டார்.

அவர் சீனத் தலைநகர் பீகிங்குக்கு, இன்றைய பெய்ஜிங்குக்கு, போன கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல நேரம் கொடுங்கள், நடுவர் ஐயா. நம் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கொரியப் போரில் ஒரு அமெரிக்க விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதில் வந்த 11 பேர் சீனாவின் சிறையில் இருந்தார்கள். ஒற்றர்கள் என்று 1954 கடைசியில் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் கொந்தளிப்பு. சீனத் துறைமுகங்களை மறிக்க வேண்டும் என்று அங்கே தலைவர்களே பேசினார்கள். ஐ.நா. பொதுச்சபை சீனாவைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆனால் அன்றைக்குக் கம்யூனிஸ்ட் சீனா ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை. உறுப்பினராகச் சேர்க்க மாட்டேன் என்று சொன்ன சபையே, நீ செய்தது குற்றம் என்று தீர்மானமும் போட்டால் எவன் மதிப்பான்? நம்மூரில், கூட்டத்துக்குக் கூப்பிடாத ஆளுக்கு அபராதம் போட்டால் கட்டுவானா?

ஹமர்ஷோல்டுக்கு இது புரிந்தது. சீனப் பிரதமர் சூ என்லாய்க்குத் தந்தி அனுப்பி, நான் நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். கேட்டார், ஐயா, வரச் சொல்லவில்லை, தானே வருகிறேன் என்றார். 1955 ஜனவரி 6 தொடங்கி 10 வரை பீகிங்கில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் கண்டனத் தீர்மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வரவில்லை, உலக அமைதிக்குப் பொறுப்பான பதவியில் இருக்கிறவன் என்ற முறையில் வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னார். அந்த ஒரு சொல்லில் சூ என்லாய் கௌரவமாகப் பேசுவதற்கு வழி திறந்தது. ராமநாதபுரத்தில் போடாத நாற்காலி இதுதான்.

திரும்பி வந்தார். வெறுங்கையோடு வந்தார். பத்திரிகைகள் பரிகசித்தன. கைதிகளின் குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று சீனா சொன்னதற்கு, அனுப்ப மாட்டோம் என்று அமெரிக்க அரசே மறுத்தது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. கடிதம் எழுதினார், பதில் வாங்கினார், மறுபடி எழுதினார். ஏழு மாதம். அந்த வருஷம் ஜூலை 29-இல் அவருக்கு 50 வயது நிறைந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் 11 பேரையும் சீனா விட்டது. பிறந்தநாள் வாழ்த்தோடு சேர்த்துச் செய்தி வந்தது: ஐ.நா. தீர்மானத்துக்கும் இந்த விடுதலைக்கும் சம்பந்தமில்லை, ஹமர்ஷோல்டுடன் உள்ள நட்பைப் பேணவே விடுகிறோம் என்று. ஒரு குண்டு வெடிக்கவில்லை. 11 தாய்மார்களுக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள். அண்ணாச்சி, இதில் எந்தப் படையின் வலிமை வேலை செய்தது என்று உங்கள் அணியில் அடுத்து வருகிறவர் சொல்லட்டும்.

சூயஸுக்கு வருகிறேன். எகிப்தின் மேல் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்த சண்டை அது. அமெரிக்கா பண நெருக்கடி கொடுத்தது உண்மை. நான் மறுக்க மாட்டேன். ஆனால் சண்டைக்காரனை நிறுத்தச் சொல்வது ஒரு வேலை, அவன் நகர்ந்த இடத்தில் யார் நிற்பது என்பது இன்னொரு வேலை. 1956 நவம்பர் 4, கனடாவின் வெளியுறவு அமைச்சர் பியர்சன் கொண்டுவந்த தீர்மானப்படி 48 மணி நேரத்தில் ஒரு திட்டம் வேண்டும் என்று பொதுச்சபை ஹமர்ஷோல்டிடம் கேட்டது. உலகத்தில் அதுவரை யாரும் பார்த்திராத படை ஒன்றுக்கு அவர் அந்தக் கெடுவுக்குள் திட்டம் கொடுத்தார். யாரையும் ஜெயிக்கக் கூடாத படை. இரண்டு பேருக்கும் நடுவே நிற்பதற்கு மட்டும் ஒரு படை. தூரத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரிய வேண்டும் என்று நீலத் தொப்பி கேட்டார்கள். தைத்து வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். இருந்த தலைக்கவசங்களின் உட்கூட்டை எடுத்து நீலச் சாயம் அடித்து மாட்டி அனுப்பினார்கள். இன்றைக்கு உலகமெங்கும் தெரிகிற அந்த நீலத் தலைக்கவசம் அவசரத்தில் அடித்த சாயத்தில் பிறந்தது. நவம்பர் 15-இல் முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கினார்கள். டிசம்பர் 22-க்குள் பிரிட்டனும் பிரான்சும் வெளியேறின. நம் இந்திய வீரர்களும் அந்தப் படையில் நின்றார்கள். பத்து வருஷம் எகிப்து-இஸ்ரேல் எல்லையில் பெரிய சண்டை இல்லை. 1967-இல் அந்தப் படையை எகிப்து போகச் சொன்னது; சில வாரத்திலேயே போர் வந்தது.

இப்போது எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டும்.

அப்பா கிராமத்துத் தபால்காரர். தாமிரபரணிக் கால்வாய் ஓரத்து ஊர். பெயர் வேண்டாம், இன்றைக்கு அங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில், தென் மாவட்டமே பற்றி எரிந்த காலம், இங்கே உள்ள பெரியவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் கோவில் கொடையில் ரேடியோவில் போட்ட ஒரு பாட்டில் தொடங்கியது. இரண்டாம் நாள் ஒரு வெட்டு. மூன்றாம் நாள் நாலு வீடு எரிந்தது. கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் நடுவே உடைமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். ரேஷன் கடை கீழத்தெருவில். பஸ் நிற்கிற இடம் மேலத்தெருவில். ஆக, ஒரு தெருவில் அரிசி இல்லை, இன்னொரு தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நான் அப்போது பத்தாம் வகுப்பு.

அப்பா இரண்டு தெருவுக்கும் சொந்தக்காரர் இல்லை. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தினமும் போனார். தபால் கொடுத்த வீட்டில் ஏதாவது ஒரு சொல் விழும். "எங்க பையன மட்டும் ஸ்டேஷன்ல வச்சிருக்காவ, அவனுவள விட்டுட்டாவ. மொதல்ல கேஸை வாபஸ் வாங்கச் சொல்லு, பெறவு பேசலாம்." அதோடு நாலு கெட்ட வார்த்தை. அப்பா மணியார்டர் பாரத்தின் பின்பக்கத்தில் அதை எழுதுவார். எழுதி அவர்களிடமே வாசித்துக் காட்டுவார். "நீங்க சொன்னது இதானே, அண்ணாச்சி? கையெழுத்து வேண்டாம், தலைய ஆட்டுங்க போதும்." பிறகு அந்தத் தெருவுக்குப் போய் அதையே வாசிப்பார். கெட்ட வார்த்தை மட்டும் தாளில் இருக்காது. விஷயத்தில் ஒரு எழுத்து கூடாது, குறையாது. கசப்பானதை நீக்கிச் சொல்லு, மெய்யை மாற்றாதே என்று வள்ளுவர் தூதுக்கு வைத்த அதிகாரத்தில் இருப்பதை நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்த மணியார்டர் பாரம்தான் கண்ணில் வரும்.

ஒரு நாள் சைக்கிள் சீட்டைப் பிளேடால் கிழித்திருந்தார்கள். இன்னொரு நாள் ஒரு இளவட்டம் சட்டையைப் பிடித்து, "நீ எவன் பக்கம்?" என்று கேட்டிருக்கிறான். "நான் தபால் பக்கம், தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்குச் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா, "நாளைக்குப் போவாதீங்க" என்றாள். "நாளைக்கு நான் போவலன்னா நேத்து வர போனது வீணாப் போவுமே" என்றார்.

ஒன்பதாவது நாள் ஒரு பேச்சு முடிந்தது. சின்னப் பேச்சு. மேலத்தெருப் பெண்கள் ரேஷன் கடைக்குப் போகலாம், கீழத்தெருப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வரலாம், யாரும் யார் மேலும் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான். நியாயம் முழுசாகக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது, எரிந்த வீடு எரிந்ததுதான். ஆனால் மறுநாள் காலை முள்ளை ஓர் ஆள் போகிற அளவுக்கு விலக்கியிருந்தார்கள். அந்தச் சந்து வழியாகப் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாவாடை முள்ளில் மாட்டாமல் ஒருக்களித்து வந்த பிள்ளைகளை நான் பஸ்ஸில் இருந்து பார்த்தேன். எல்லோரும் பரீட்சை எழுதினார்கள்.

எங்கள் ஊரில் போலீஸ் வேனும் நின்றது. வேன் நின்றதால் வெட்டு நின்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபதாவது நாள் வேன் போய்விட்டது. போன பிறகும் வெட்டு விழவில்லையே, அது எதனால்? அண்ணாச்சி, உங்கள் அணிக்கும் எங்கள் அணிக்கும் உள்ள வழக்கே இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

காங்கோவுக்கு வருகிறேன். வலிக்கிற இடம் அது. 1960 ஜூன் 30-இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை. இரண்டே வாரத்தில் ராணுவக் கலகம், பெல்ஜியப் படை மறுபடி நுழைந்தது, தாமிரச் சுரங்கம் நிறைந்த கட்டாங்காவை அந்த மாகாணத் தலைவர் சோம்பே தனி நாடு என்றார். ஹமர்ஷோல்ட் ஐ.நா. படையை அனுப்பினார். நம் ராஜேஷ்வர் தயாள் அவருடைய பிரதிநிதியாகக் காங்கோவில் இருந்தார். அங்கே பிரதமர் லுமும்பாவை 1961 ஜனவரியில் கொன்றார்கள். ஐ.நா. அங்கே இருந்தும் அவரைக் காப்பாற்றவில்லை. அந்தப் பழி ஹமர்ஷோல்ட் மேலும் விழுந்தது, விழ வேண்டியதுதான். நான் அவரைக் கடவுளாக்க வரவில்லை.

ஆனால் அவர் யார் பக்கம் நின்றார் என்று பாருங்கள். அதற்குச் சில மாதம் முன்னால், சோவியத் தலைவர் குருஷேவ் பொதுச்சபையில் அவரைப் பதவி விலகச் சொன்னார். 1960 அக்டோபர் 3-இல் ஹமர்ஷோல்ட் பதில் சொன்னார். விலகுவது சுலபம், இருப்பதுதான் கஷ்டம். ஒரு வல்லரசின் விருப்பத்துக்குத் தலைவணங்குவதும் சுலபம், எதிர்த்து நிற்பது வேறு. இந்தச் சபையின் பாதுகாப்பு வல்லரசுகளுக்குத் தேவையில்லை, மற்ற நாடுகளுக்குத்தான் தேவை, அவை விரும்பும்வரை நான் இருப்பேன் என்பது அவர் பேச்சின் சாரம். சபை எழுந்து நின்று கைதட்டியது. "நீ எவன் பக்கம்?" என்று அவர் சட்டையையும் பிடித்தார்கள், ஐயா.

கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவை அண்ணாச்சி சொன்னார். கூர்க்கா படைப்பிரிவு, 26 வயது, 1961 டிசம்பர் 5-இல் கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் சாலைத் தடையை உடைக்கப் போய் உயிர் கொடுத்தார், பரம்வீர் சக்ரா. அவர் பெயரைக் கேட்டு நாங்களும் எழுந்து நிற்போம். 1963 ஜனவரியில் கட்டாங்கா பிரிவினை ஐ.நா. படையால்தான் முடிந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் சலாரியா நாடு பிடிக்கப் போகவில்லையே. தலையில் நீலம் சூடிப் போனார். அந்த நீலத்தைக் கொடுத்தது யார்? துப்பாக்கிக்குக்கூட, நீ நடுவில் நில் என்று கற்றுக்கொடுத்தது ஒரு தூதரின் மூளை.

நியூயார்க்கில் ஐ.நா. கட்டடத்துக்குள் அவர் ஒரு தியான அறை அமைத்தார். எந்த மதத்தின் சின்னமும் அங்கே இல்லை. நடுவில் சுவீடனிலிருந்து கொண்டுவந்த ஆறரை டன் இரும்புத் தாதுப் பாறை, அதன் மேல் ஒரு விளக்கொளி விழும். இதே இரும்பில் மனிதன் வாளும் செய்தான், வீடும் கட்டினான் என்று அந்த அறைக்காக அவர் எழுதினார். படையை வெறுத்தவர் இல்லை அவர். இரும்பை எதற்கு எடுக்கிறோம் என்று கேட்டவர்.

1961 செப்டம்பர் 17. கட்டாங்காவில் ஐ.நா. வீரர்களுக்கும் சோம்பேயின் ஆட்களுக்கும் சண்டை. சோம்பேயைத் தானே நேரில் பார்த்துச் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பேச, பக்கத்து நாட்டில், இன்றைய ஜாம்பியாவில், உள்ள என்டோலா என்ற ஊருக்கு விமானம் ஏறினார். ஆளனுப்பி வரச் சொல்லவில்லை. இங்கேயும் இவர்தான் தேடிப் போனார். நள்ளிரவு தாண்டி, என்டோலாவை நெருங்கும்போது, காட்டில் விமானம் விழுந்தது. உள்ளே 16 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை; ஒருவர் மட்டும் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தார். எப்படி விழுந்தது என்பது இன்றுவரை தீராத கேள்வி. அந்த வருஷத்து அமைதிக்கான நோபல் பரிசை இறந்த பிறகு அவருக்குக் கொடுத்தார்கள். தன் உயிருக்கே முடிவு வந்தாலும் அனுப்பியவனுக்கு நன்மை சேர்ப்பவனே தூதன் என்று அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் முடிக்கிறார். அதை வெறும் புகழ்ச்சி என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

பாதியில் செத்துப் போனாரே என்று கேட்டீர்கள், அண்ணாச்சி. அவர் இறந்து இரண்டாம் நாள், செப்டம்பர் 20, அதே என்டோலாவில், துனிசியாவைச் சேர்ந்த மஹ்மூத் கியாரி என்ற ஐ.நா. அதிகாரி போய், அதே சோம்பேயின் எதிரே உட்கார்ந்தார். சண்டை நிறுத்தத்தில் கையெழுத்தானது. டிசம்பரில் அது முறிந்துபோயிற்றே என்பீர்கள். ஆமாம், முறிந்தது. மறுபடியும் பேசினார்கள்.

முள் விலகிய பிறகும் அப்பா அந்தத் தாள்களைத் தூர எறியவில்லை. ஒன்பது நாள், பதினேழு மணியார்டர் பாரம். ஓய்வு பெறும்வரை தபால் பையின் உள்பக்கத்துப் பையிலேயே வைத்திருந்தார். மழைக்காலத்தில் மட்டும் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மறுபடி உள்ளே வைப்பார். "இன்னும் எதுக்குப்பா?" என்று கேட்டேன். "திரும்பப் பேசுனா, எதுல விட்டோம்னு தெரியணும்லா" என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. தூதரின் பொறுமையே என்று தீர்ப்புக் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.